கடல் கடக்கும் குடும்பமும் வாசலில் படுத்திருக்கும் ஜீவனும்



கடந்த சில ஆண்டுகளில் நம் சபையிலிருந்து கடல் கடந்து சென்ற குடும்பங்களின் தொகை, பதிவேட்டைப் புரட்டாமல் சொல்ல முடியாத அளவுக்குப் பெருகிவிட்டது. செவிலியராக இங்கிலாந்துக்குச் சென்றவர்கள் உண்டு. கணினித் துறையில் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் சென்றவர்கள் உண்டு. வளைகுடா நாடுகளுக்கோ நம் தகப்பன்மார் காலத்திலிருந்தே ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் வழியனுப்பு ஜெபம் நடத்துகிறோம். அங்கே வரும் ஜெப விண்ணப்பங்கள் எனக்கு மனப்பாடம்: பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வாடகை வீடு, குளிர், இங்கே தங்கிவிடும் பெற்றோரின் உடல்நலம். வீட்டு நாயைக் குறித்து இதுவரை ஒருவரும் விண்ணப்பச் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் கூட்டம் முடிந்து நான் செருப்பை மாட்டும் வேளையில், வீட்டுத் தலைவரோ தலைவியோ அருகே வந்து தாழ்ந்த குரலில் சொல்வது வழக்கமாகிவிட்டது: "ஐயா, நாய என்ன செய்யன்னு தெரியல."

அந்தத் தாழ்ந்த குரலுக்காகவே இந்த வாரத் தியானத்தை எழுதுகிறேன். தியானப் பக்கத்தில் சுங்கச் சட்டமும் நாய்த் தடுப்பூசியுமா என்று உங்களில் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அவர்கள் யாத்திராகமம் பத்தாம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். பார்வோன் கடைசியாக ஒரு சமரசத்துக்கு வருகிறான். மனிதர் போகலாம், பிள்ளைகளும் போகலாம், ஆடுமாடுகள் மட்டும் எகிப்திலேயே இருக்கட்டும் என்கிறான். மோசே அதற்கு இணங்கவில்லை. எல்லைக் கதவு திறக்கப்போகும் நேரத்தில், ஒரு மிருகத்தைக்கூட விட்டுவிட்டுப் போவதில்லை என்று நின்றார். அவை பலிக்குரிய மந்தைகள், மடியில் வளர்த்த செல்லங்கள் அல்ல என்பதை அறிவேன். வேதவசனத்தை என் வசதிக்கு வளைக்க நான் விரும்பவில்லை. ஆயினும், ஒரு ஜனம் இடம்பெயரும்போது அதன் மிருகஜீவன்கள் யாருடைய கணக்கில் சேரும் என்ற கேள்வி அந்த அதிகாரத்திலேயே எழுந்துவிட்டது. யோனாவின் புத்தகமும் அப்படியே. நினிவேக்கு இரங்குவதற்குக் கர்த்தர் காட்டும் காரணங்களில் அந்நகரத்து மிருகங்களும் எண்ணப்படுகின்றன. அதோடு புத்தகம் முடிந்தும் போகிறது.

இனி நேரே காரியத்துக்கு வருகிறேன். நீங்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மனிதருக்கான விசா பணத்தையும் காகிதத்தையும் கேட்கிறது. நாய்க்கான அனுமதியோ நாட்களைக் கேட்கிறது. காகிதத்தை விரைவுபடுத்த வழி உண்டு. நாட்களை விரைவுபடுத்த எந்த முகவராலும் இயலாது. இதை அறியாதபடியினால்தான் நல்ல குடும்பங்கள் கடைசி வாரத்தில் தடுமாறுகின்றன.

நம் சபைச் சகோதரி ஒருவர் இங்கிலாந்தில் செவிலியர் பணிக்குத் தேர்வானபோது நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் ஐந்து வயதுக் கலப்பின நாய் ஒன்று இருந்தது. கொஞ்சம் சிப்பிப்பாறைச் சாயல், மீதி எல்லாம் தெரு. மகன் நான்காம் வகுப்பில் படித்தபோது சாக்கடைக்குள்ளிருந்து தூக்கி வந்த குட்டி அது. சகோதரியின் விசா எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்துவிட்டது. அதன்பின்னர்தான் நாயின் சட்டம் என்னவென்று விசாரித்தார்கள்.

பிரிட்டன் நம் நாட்டிலிருந்து வரும் நாய்க்கு விதிக்கும் ஒழுங்கு இது. முதலாவது, தோலுக்கு அடியில் அரிசிமணி அளவுள்ள மைக்ரோசிப் பொருத்த வேண்டும். அதில் பதினைந்து இலக்க எண் ஒன்று இருக்கும். நாய்க்கு அதுவே கடவுச்சீட்டு எண். சிப் பொருத்திய பிறகோ அதே நாளிலோ ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். அதற்கு முன் போட்ட ஊசிகள், அட்டை நிறைய முத்திரை இருந்தாலும், கணக்கில் வரமாட்டா. எந்த நாய்க்கு அந்த ஊசி போடப்பட்டது என்று எண்ணைக் கொண்டு நிரூபிக்க முடியாதல்லவா? ஊசி போட்டு 30 நாட்கள் கழிந்த பிறகே இரத்தம் எடுத்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லிலிட்டர் இரத்தநீரில் நோய் எதிர்ப்புப் பொருள் குறைந்தது 0.5 அலகு இருந்தால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றாலும் உடனே பயணமில்லை. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, இன்று தொடங்கினாலும் நான்கு மாதத்துக்கு முன் அந்த நாய் லண்டனில் இறங்க முடியாது.

மூன்று மாதம் எதற்கு என்று அந்தச் சகோதரியின் கணவர் என்னிடம் சற்றே கோபமாகக் கேட்டார். "ரத்தத்துல மருந்து இருக்குன்னு தெரிஞ்ச பொறகு, வேற எதுக்கு ஐயா வெயிட் பண்ணணும்?" கேள்வி நியாயமானது. பதிலும் உண்டு. வெறிநாய்க் கடியின் கிருமி உடலுக்குள் புகுந்தபின் உடனே வெளிப்படுவதில்லை. நரம்பின் வழியே மெல்ல ஊர்ந்து மூளையை அடையும் வரை நோயின் அடையாளம் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். சில வேளைகளில் அதைவிட நீளும். ஊசி போடுவதற்கு முன்பே அந்த நாயை வேறொரு நோயுற்ற நாய் கடித்திருந்தால், இரத்தப் பரிசோதனையில் தேர்ச்சி பெற்றபடியே அது நோயைச் சுமந்துகொண்டிருக்கக்கூடும். அந்த மூன்று மாதக் காலம், ஒளிந்திருக்கும் நோய் இருந்தால் வெளிப்படட்டும் என்பதற்கான கால அவகாசம்.

நமக்கு இது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றலாம். தெருவுக்குத் தெரு நாய்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ரேபிஸ் நோயால் ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நம் தேசத்தார். இறப்பவர்களில் பெரும் பகுதி பிள்ளைகளும் ஏழைகளுமே. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தவர் மிக மிக அரிது. இந்த நோய்க்காகவே நம் குன்னூரில் 1907-ம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. பிரிட்டனோ 1922-ல் இந்நோயைத் தன் மண்ணிலிருந்து அகற்றிவிட்டு, அதைக் காப்பதற்காக வரும் நாய் ஒவ்வொன்றையும் ஆறு மாதம் அடைத்துவைத்தது. அந்த ஆறு மாதச் சிறையை நீக்கி, ஊசியும் பரிசோதனையும் காத்திருப்பும் போதும் என்று தளர்த்தியதே 2000-ம் ஆண்டு தொடங்கித்தான். நம் நாட்டைப் போன்ற இடங்களிலிருந்து வரும் நாய்களுக்கு அந்தச் சலுகை 2012-ல்தான் கிடைத்தது. நாம் கடினம் என்று முறுமுறுக்கும் இந்தச் சட்டம், முன்பிருந்ததைவிட மிகவும் இலகுவானது. அயலானுடைய பிள்ளை தெரு நாயைத் தொட்டு விளையாடினாலும் அஞ்ச வேண்டியதில்லை என்ற நிலையை ஒரு தேசம் பெற்று, அதைக் காத்துக்கொள்ள விரும்புகிறது. அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

அக்குடும்பம் என்ன செய்தது? சகோதரி முதலில் தனியே சென்றார். கணவரும் மகனும் நாயோடு இங்கே தங்கி, அந்த நான்கு மாதத்தையும் கடந்தார்கள். இதில் இன்னொரு விதியையும் அவர்கள் கவனிக்க வேண்டியிருந்தது. உடைமையாளரின் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் இடையே ஐந்து நாட்களுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. மிஞ்சினால் அது வியாபார இறக்குமதியாகக் கருதப்பட்டு, வேறு சட்டத்தின் கீழ் போய்விடும். ஆகவே நாய் கணவரின் பெயரில், அவர் பயணத்தோடு சேர்ந்து சென்றது. புறப்படுவதற்கு முன் சென்னையிலுள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு அலுவலகத்தில் நாயை நேரில் காட்டிச் சுகாதாரச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயிலில் நாயைக் கொண்டுபோக இரண்டே வழிகள்: முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் அறை முழுவதையும் முன்பதிவு செய்வது, அல்லது கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் ஏற்றுவது. அவர்கள் இரண்டையும் விட்டு, வாடகைக் கார் பிடித்து இரவெல்லாம் ஓட்டிச் சென்றார்கள். நாடாப்புழு மாத்திரை வேறு. அதை பிரிட்டனில் இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் மருத்துவர் கையால் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். விமானம் தாமதித்தால் அந்தக் கணக்கும் தவறும் என்று அவர் அஞ்சியபடியே இருந்தார்.

பயணிகளின் இருக்கைப் பக்கத்தில் நாயை உட்கார வைத்து பிரிட்டனுக்குள் இறங்க முடியாது. உதவி நாய்களைத் தவிர மற்றவை சரக்காகவே வர வேண்டும். கூண்டு, நாய் எழுந்து நிற்கவும் திரும்பவும் கால் நீட்டிப் படுக்கவும் இடம் தருவதாக இருக்க வேண்டும். உங்களில் வருங்காலத்தில் போகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: கூண்டை இரண்டு மாதத்துக்கு முன்பே வாங்கி, கதவைத் திறந்தபடி வீட்டின் நடுவில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். அதன் பழைய பாயை அதற்குள் விரியுங்கள். பயண நாளில் முதன்முறையாகக் கூண்டைப் பார்க்கும் நாய் படும் பாடு பெரிது. தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயரத்தில் அது மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் பாதிக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். தொலைபேசி விளம்பரத்தால் நம் ஊரில் புகழ்பெற்ற அந்தப் பக் நாய் முதலான சப்பை மூக்கு இனங்களைப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதே இல்லை. அவற்றுக்கு இயல்பிலேயே மூச்சுத் திணறல் உண்டு.

சுங்கத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு சிறு விலகல். நம் வேதப்புத்தகத்தில் மத்தேயு உட்கார்ந்திருந்த இடம் ஆயத்துறை. சகேயு ஆயக்காரரின் தலைவன். ஆயம், உல்கு, சுங்கம் என்று ஒரே காரியத்துக்கு நம் மொழியில் எத்தனை பெயர்கள்! முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று புகழப்பட்டதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். வரியை நீக்கியவனைப் பட்டப்பெயரிட்டு நினைவுகூரும் அளவுக்குச் சுங்கம் நம்மவரை வருத்தியிருக்கிறது போலும். இன்றைய சுங்கத்தின் கண்ணில் உங்கள் நாய் ஒரு பொருள். அதற்கு விலை உண்டு, விலைக்கு வரி உண்டு. ஆனால் குடியிருப்பை மாற்றி வருகிறவர் தம் வீட்டுச் சாமான்களோடு செல்லப்பிராணியையும் வரியின்றிக் கொண்டுவர பிரிட்டன் இடம் தருகிறது. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து எண் ஒன்று வாங்கி வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் இறங்கினால் வரி கட்ட நேரிடும். நாய் சரக்குக் கூடத்தில் காத்துக் கிடக்கும் நேரமும் நீளும். சகோதரியின் கணவர் இந்த எண்ணை முன்னரே வாங்கிவிட்டார். அவர் அமர்த்திய பயண முகவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு வேறு ஒழுங்கு. 2024 ஆகஸ்ட் முதல் அங்கே நுழையும் நாய்க்கு ஆறு மாத வயது நிறைந்திருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும். ரேபிஸ் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய் குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டுமே இறங்கலாம். அங்குள்ள விலங்குப் பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவும் வேண்டும். இரத்தப் பரிசோதனைச் சான்று இல்லையென்றால் 28 நாள் அடைப்பு.

எல்லாவற்றிலும் கடினமானது ஆஸ்திரேலியா. அது தன்னைச் சுற்றியுள்ள கடலையே வேலியாகக் கொண்ட தேசம். ரேபிஸ் அங்கே இல்லை. ஒருமுறை நுழைந்து காட்டு நாய்களுக்குள் பரவிவிட்டால் பிறகு அகற்றுவது எளிதன்று. இந்தியாவிலிருந்து நேரடியாக நாயையோ பூனையையோ அங்கே கொண்டுபோக வழியே இல்லை. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டுக்கு முதலில் கொண்டுபோய், மாதக்கணக்கில் அங்கே தங்கவைத்து, அங்கிருந்தே அனுப்ப வேண்டும். அதன்பின்னும் மெல்போர்னுக்கு அருகே மிக்கில்ஹாமிலுள்ள அரசு நிலையத்தில் தனிமைப்படுத்தல். இந்தச் சட்டம் சாமானியருக்கு மட்டும்தான் என்று எண்ணாதீர்கள். 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு சிறு நாய்கள் தனி விமானத்தில் அறிவிக்கப்படாமல் உள்ளே வந்தபோது, நாய்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று அந்நாட்டு வேளாண் அமைச்சர் வெளிப்படையாகவே எச்சரித்தார். நாய்கள் விமானமேறித் திரும்பிப் போயின. வருகைச் சீட்டில் பொய்யான தகவல் தந்ததாக நடிகரின் மனைவி மறு ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இருவரும் காணொளியில் மன்னிப்பும் கேட்டார்கள். உலகமே அதைப் பார்த்துச் சிரித்தது. எனக்கோ அதில் சிரிப்பு வரவில்லை. செல்வந்தனுக்கும் ஏழைக்கும் ஒரே படிவத்தை நீட்டுகிற சுங்க மேசை, நம் நாட்டில் நாம் அடிக்கடி காணாத ஒன்று.

நம் சபையிலிருந்து மெல்போர்ன் சென்ற குடும்பம் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்பது வயது நாயைக் கொண்டுபோவதில்லை என்று தீர்மானித்தது. அன்பில்லாததால் எடுத்த முடிவன்று அது. முகமறியாத நாட்டில், முகமறியாத ஆட்களிடத்தில், மாதக்கணக்கில் கூண்டில் கிடந்து, பிறகு மற்றொரு நீண்ட பயணம். ஒன்பது வயது என்பது நாய்க்கு முதுமையின் வாசல். இவ்வளவையும் அது யாருக்காகத் தாங்க வேண்டும் என்று அந்தச் சகோதரர் தம்மையே கேட்டுக்கொண்டார். "எனக்குப் பிரிய மனசில்லைங்கிறதுக்காக அத ஆறு மாசம் ஜெயில்ல போடவா ஐயா?" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் முன்வந்தார். நான்கு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள் நாயை அவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று பழக்கினார்கள். பிறகு இராத் தங்கல். பிறகு மூன்று நாள் தங்கல். குடும்பம் விமானம் ஏறிய இரவில் அந்த நாய் ஆசிரியையின் கட்டிலடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த நான்கு மாதம் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். நம் ஊரிலேயே, நம் சபையைச் சேராத ஒரு குடும்பம். பண்புள்ளவர்கள், அந்த நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டியவர்கள். கடைசி வாரம் வரை எடுத்துப் போகலாம் என்றே நம்பியிருந்தார்கள். முடியாது என்று தெரிந்தபோது கையில் ஐந்து நாள் மட்டுமே இருந்தது. தெருமுனைக் காவலாளியிடம் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் கொஞ்ச நாள் சோறு வைத்தார், பிறகு வேலை மாறிப் போய்விட்டார். நாய் பூட்டிய வாயிற்கதவின் முன்னால் படுத்துக் கிடந்தது. ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றது. வீட்டுக்குப் புதிதாக வாடகைக்கு வந்தவர்கள் அதைத் துரத்தினார்கள், அவர்களைக் குற்றஞ்சொல்ல முடியாது. தெருநாய்கள் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாடியில் வளர்ந்த நாய்க்குத் தெருவின் நியாயம் தெரியாது. ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு நான் அவ்வழியே சென்றபோது அது அங்கே இல்லை. வளர்த்த மிருகத்தைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் அவர்கள் குற்றவாளிகளைப் போன்றவர்கள் அல்லர். அவர்களுக்கு நாட்கள் போதவில்லை, அவ்வளவே.

மற்றொரு வழக்கத்தைக் குறித்தும் மனம்திறந்து எழுத வேண்டும். "அப்பா அம்மாகிட்ட விட்டுட்டுப் போறோம்" என்கிற ஏற்பாடு. இதுதான் நம்மிடையே மிகவும் சகஜம். எழுபத்தைந்து வயதுத் தகப்பனார், முழங்கால் வலி, இருபத்தைந்து கிலோ எடையுள்ள லாப்ரடார். காலையில் சங்கிலியைப் பிடித்து அவர் நடக்கிறாரா, நாய் அவரை நடத்துகிறதா என்று தெருவார் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு தாயார் இப்படி இழுபட்டு விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்ததை நானே மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். ஆகவே இதை எளிதாகச் செய்துவிடாதீர்கள் என்பேன். அதே வேளையில், இதற்கு மறுபக்கமும் உண்டு. மனைவியை இழந்த பெரியவர் ஒருவரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். மகன் விட்டுச்சென்ற நாய் அவர் நாற்காலிக்கருகே இருந்தது. "இது சாப்பிடணுமேன்னுதான் அடுப்ப பத்த வைக்கேன். எனக்கு மட்டும்னா பிஸ்கட்டோட முடிச்சிருவேன்" என்றார். இரண்டும் உண்மை. பெற்றோரிடம் விடலாமா கூடாதா என்பதற்குப் பொது விதி என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று: அவர்களிடம் கேளுங்கள். தெரிவித்துவிட்டுப் போகாதீர்கள். மருத்துவச் செலவுக்கு மாதந்தோறும் பணம் அனுப்புங்கள். நடை பழக்க ஒரு வாலிபனை அமர்த்துங்கள். பெரியவருக்கு ஏதாவது நேர்ந்தால் அந்த நாய் யார் வீட்டுக்குப் போகும் என்பதையும் இப்போதே பேசிவையுங்கள்.

பணத்தைப் பற்றிய கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. நாயை அழைத்துச் செல்லும் செலவு இலட்சங்களில் வரும். ஏழைப் பிள்ளை ஒன்றின் கல்லூரிக் கட்டணத்தை ஒரு நாய்க்குச் செலவழிக்கலாமா என்று மூப்பர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். நான் அந்தக் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் அதே குடும்பம் புது நாட்டில் வாங்கும் சோபாவைக் குறித்தும், விடுமுறைப் பயணத்தைக் குறித்தும் நாம் அப்படிக் கேட்பதில்லையே. நாய் என்று வரும்போது மட்டும் ஏழைகள் நமக்கு நினைவுக்கு வருவது எனக்குச் சற்று உறுத்துகிறது. நாத்தான் தாவீதிடம் சொன்ன உவமையிலே, அந்தத் தரித்திரன் தன் ஒரே ஆட்டுக்குட்டிக்குத் தன் அப்பத்தையே கொடுத்து, தன் மடியிலே தூங்கவைத்து, மகளைப்போல் வளர்த்தான். அவனை வீண்செலவு செய்தவன் என்று நாத்தானும் சொல்லவில்லை, தாவீதும் சொல்லவில்லை. கடன் வாங்கி நாயை அழைத்துச் செல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கையிலிருப்பதைக் கொண்டு செய்கிறவனை நகைக்கவும் மாட்டேன்.

கிளி வளர்க்கும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. நம் பச்சைக்கிளி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதைக் கூண்டில் வைப்பதே குற்றம், வெளிநாடு கொண்டுபோவது எப்படி என்று கேட்பதற்கே இடமில்லை. நட்சத்திர ஆமையும் அப்படியே. சென்னை விமான நிலையத்தில் பெட்டிகளுக்குள் பிடிபடும் ஆமைகளைப் பற்றிச் செய்தித்தாளில் நீங்களே வாசித்திருப்பீர்கள். பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று துணிக்குள் சுற்றி எடுத்துப்போக நினைக்கிறவர்கள் வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. படிவத்தில் கேட்கும் கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்துக் கொண்டுபோகும் ஜீவன் மூச்சுமுட்டிச் சாவதற்கே வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டில் நாய் வளர்த்துவிட்டு ஊர் திரும்ப எண்ணுகிறவர்களும் இதை வாசிக்கிறீர்கள். குடியிருப்பை மாற்றி நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கு, ஆளுக்கு இரண்டு பிராணிகள் வரை பயணச் சாமானாகக் கொண்டுவர நம் அரசும் இடம் தருகிறது. ஆனால் முன்கூட்டியே அதே சான்றளிப்பு அலுவலகத்தின் தடையில்லாச் சான்றைப் பெற்றிருக்க வேண்டும். அதற்கு வசதியுள்ள குறிப்பிட்ட விமான நிலையங்களில்தான் இறங்க வேண்டும். சென்னை அவற்றுள் ஒன்று. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பு அரசு இணையதளத்தையே பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலை நம்பாதீர்கள்.

வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்தபின், நம் சபையைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சபை மண்டபத்தில் ஒரு மணி நேரம் இருப்பார். இந்த ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ வெளிநாடு செல்லும் எண்ணம் இருந்தால், விசா இன்னும் வராவிட்டாலும், தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவரைப் பாருங்கள். நாயை அழைத்து வர வேண்டாம். சென்ற முறை பாடகர் குழுவினர் பட்ட பாடு போதும். மண்டப வாசலில் செயலர் ஒரு நோட்டு வைத்திருப்பார். போகிறவர்களின் நாய் பூனைகளை ஏற்று வளர்க்க விருப்பமுள்ளவர்கள் அதில் தங்கள் பெயரையும், வீட்டில் முற்றம் உண்டா என்பதையும், பகலில் ஆள் இருப்பார்களா என்பதையும் எழுதலாம். ஆசிரியை அம்மாவின் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது. தமக்கு இன்னும் ஒன்றுக்கு இடம் உண்டு என்று எழுதியிருக்கிறார், பூனையாக இருந்தால் நல்லது என்றும்.